வீட்டு மீன்தொட்டிக்கான கருவிகள்: தேர்ந்தெடுப்பது முதல் பொருத்தி இயக்குவது வரை

மீன் எந்த நீரில் மூச்சுவிடுகிறதோ அதே நீரில்தான் கழிவையும் விடுகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அந்தக் கழிவு பெருநீரில் கரைந்து, மண்ணிலும் செடியிலும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைபட்ட ஐம்பது அறுபது லிட்டர் நீரில் அது போவதற்கு வேறு இடமில்லை. மீன்தொட்டிக்கென்று விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையை ஈடுசெய்யவே இருக்கின்றன. எந்தக் கருவி அதை எவ்வளவு ஈடுசெய்கிறது என்று பார்த்து வாங்கினால், எதற்கு முதலிடம், எதைத் தள்ளிவைக்கலாம் என்பது தானாகவே விளங்கிவிடும். புதிதாகத் தொடங்குவோர் பலர் விளக்கையும் அலங்காரப் பொருள்களையும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, கையில் எஞ்சியதைக் கொண்டு வடிகட்டியை வாங்குகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. நன்னீர் மீன்களை முதன்முறையாக வளர்க்கப்போகிறவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்; கடல்நீர்த் தொட்டிக்கு வேறு கருவிகளும் வேறு கணக்குகளும் உண்டு.

முதல் படி: தொட்டியும் அது நிற்கும் இடமும்

சிறிய தொட்டியைப் பராமரிப்பது எளிது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. பத்து லிட்டர் நீரில் ஒரு மீன் இறந்து கல்லிடுக்கில் கிடந்தாலோ, ஒரு சிட்டிகை தீனி கூடுதலாக விழுந்தாலோ, நீர் விரைவில் கெட்டுவிடும். அறுபது லிட்டரில் அதே தவறு நீர்த்துப்போய், நாம் கவனித்துச் சரிசெய்யும்வரை பொறுத்துக்கொள்ளும். ஆகவே முதல் தொட்டி 50 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000 ஆல் வகுத்தால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 64.8 லிட்டர். அடியில் பரப்பும் சரளையையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் உண்மையில் நிற்கும் நீர் ஏறக்குறைய 55 லிட்டர்தான். மருந்தோ, குளோரினை முறிக்கும் நீர்ச் சீராக்கியோ ஊற்றும்போது இந்த இரண்டாவது எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுள்ளது. கண்ணாடியும் சரளையும் சேர்ந்தால் இத்தொட்டியின் எடை 80 கிலோவை எட்டிவிடும். புத்தக அலமாரியும் சாதாரண மேசையும் இந்தச் சுமையை ஆண்டுக்கணக்கில் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

உயரத்தைவிட அகலத்துக்கு முதன்மை கொடுங்கள். ஆக்ஸிஜன் நீருக்குள் நுழைவது மேற்பரப்பு வழியாகத்தான். ஒடுங்கி உயர்ந்த தொட்டியில் நீர் அதிகம், மேற்பரப்பு குறைவு. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை வாயளவு நிரப்பினால் இதே குறை இன்னும் கடுமையாகிறது. வடிகட்டியும் ஹீட்டரும் பொருத்த அதில் இடமும் இருப்பதில்லை. அதை எந்த மீனுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நேரடி வெயில் விழாத, கதவு அடிக்கடி மோதாத, மின்செருகி எட்டும் தொலைவில் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்து, தாங்கியின் மேல் ரசமட்டத்தை வைத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் சரிபாருங்கள். தாங்கி ஒருபக்கம் சாய்ந்திருந்தால் நீரின் அழுத்தம் சிலிக்கான் ஒட்டுகளில் சமமின்றி விழும். சட்டமில்லாத கண்ணாடித் தொட்டிக்கு அடியில் மெல்லிய நுரைத்தாள் விரிக்க வேண்டும்; அடிக்கண்ணாடிக்கும் தாங்கிக்கும் இடையே சிக்கிய ஒரு சிறு மணற்கல் போதும், அடி விரிசல்விட. அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டி அந்தச் சட்டத்தின் மீதே நிற்கும்படி செய்யப்பட்டது என்பதால் அதற்கு நுரைத்தாள் வேண்டாம். பிறகு வெறும் நீரை நிரப்பி ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்து, மறுநாள் மூலைகளைக் காகிதத்தால் துடைத்து ஈரம் கசிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: வடிகட்டி

எல்லாக் கருவிகளிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் தயங்காமல் வடிகட்டியைத்தான் வைத்துக்கொள்வேன். வடிகட்டி என்ற பெயர் அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆனால் அழுக்கைப் பிடிப்பது அதன் சிறிய வேலைதான். மீனின் செவுள் வழியாகவும், மிஞ்சிய தீனி அழுகுவதாலும் நீரில் அம்மோனியா ஓயாமல் சேர்கிறது. ஒரு வகை நுண்ணுயிரிகள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா இனத்தைச் சேர்ந்த சில நுண்ணுயிரிகள் இரண்டு வேலைகளையும் தாமே செய்யவல்லவை என்பது 2015இல் கண்டறியப்பட்டது. அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். நைட்ரைட்டோ, இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலற்றதாக்கி, ஆக்ஸிஜன் நிறைந்த நீரிலேயே மீனை மூச்சுத்திணற வைக்கும். நைட்ரேட் இவற்றோடு ஒப்பிட்டால் தீங்கு மிகக் குறைந்தது. நீர் மாற்றும்போது அதை வெளியேற்றிவிடலாம்.

இந்த நுண்ணுயிரிகள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பரப்பில் படலமாக ஒட்டி வாழ்பவை. ஆக்ஸிஜன் கலந்த நீர் இடைவிடாமல் அவற்றைக் கடந்து செல்ல வேண்டும். ஸ்பாஞ்சின் நுண்துளைகளும் பீங்கான் வளையங்களும் அவற்றுக்கு வீடு. வடிகட்டியின் மோட்டார் அந்த வீட்டுக்கு நீரைக் கொண்டுசேர்க்கும் வாய்க்கால். வடிகட்டியை இரவில் அணைத்துவைப்பது ஏன் தவறு என்பது இப்போது புரியும்.

வகைகளைப் பொறுத்தவரை, முதல் தொட்டிக்குக் காற்று பம்பு தரும் காற்றால் இயங்கும் ஸ்பாஞ்ச் வடிகட்டியோ, தொட்டியின் பின்விளிம்பில் தொங்கவிடும் வடிகட்டியோ போதுமானது. ஸ்பாஞ்ச் வடிகட்டியில் பழுதாகக்கூடிய பாகமே கிட்டத்தட்ட இல்லை. மீன்குஞ்சுகளையும் இறால்களையும் அது உறிஞ்சிக்கொள்வதும் இல்லை. ஆனால் மிதக்கும் நுண்துகளைப் பிடிப்பதில் அது சற்றுப் பின்தங்கும். தொங்கும் வடிகட்டி நீரைப் பளிச்சென்று வைத்திருக்கும், கை நனையாமல் திறந்து சுத்தம் செய்யலாம். 150 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கும், கழிவு அதிகம் விடும் தங்கமீன்களுக்கும், தொட்டிக்கு வெளியே கீழே வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டி பொருத்தமாக இருக்கும்.

தொட்டியின் நீர் முழுவதையும் மணிக்கு நான்கைந்து முறை சுற்றிவிடும் திறன் வேண்டும். 60 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 240 முதல் 300 லிட்டர். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் உள்ளே ஸ்பாஞ்ச் எதுவும் இல்லாமல் அளக்கப்பட்டது என்பதால், கணக்கில் வருவதற்குச் சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள். நீளத் துடுப்புள்ள ஃபைட்டர் மீன் போன்றவை வேகமான ஓட்டத்தில் களைத்துப்போகும். அவற்றுக்கு ஸ்பாஞ்ச் வடிகட்டிதான் நல்லது.

வடிகட்டிக்குள் நீர் முதலில் பெருந்துளை ஸ்பாஞ்சையும், பிறகு பீங்கான் வளையங்களையும் கடக்கும்படி அடுக்குங்கள். சேறு வளையங்களை அடைக்காமல் இருக்க இந்த வரிசை அவசியம். கரித்தூள் பை எப்போதும் தேவைப்படுவதில்லை. மருந்தின் மிச்சத்தையோ மரக்கட்டையிலிருந்து இறங்கிய பழுப்பு நிறத்தையோ நீக்க விரும்பினால் மட்டும் சில வாரங்களுக்குப் போட்டு எடுத்துவிடலாம். மருந்து போடும்போது அது உள்ளே இருந்தால் மருந்தையே உறிஞ்சிவிடும்.

சுத்தம் செய்யும் முறையைப் பற்றி, பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். என் முதல் தொட்டி நான்கு மாதங்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வடிகட்டியைத் திறந்தபோது ஸ்பாஞ்ச் முழுவதும் பழுப்பு நிறச் சேறாக, பிழிந்தால் விரல்களுக்கிடையே வழுவழுப்பாக வழிந்தது. அருவருத்து, குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று ஆகும்வரை அலசி, பீங்கான் வளையங்களையும் வெந்நீரில் கழுவித் திரும்பப் பொருத்தினேன். மூன்றாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஐந்து டெட்ரா மீன்கள் அந்த வாரத்தில் இறந்தன. நான் கழுவி ஊற்றிய அந்தச் சேறுதான் அவற்றை உயிரோடு வைத்திருந்தது. நல்ல நிலையில் இருக்கும் ஸ்பாஞ்சை முகர்ந்தால் மழை பெய்த மண்ணின் வாசம் வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த நீரையே ஒரு வாளியில் வைத்து, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். இரண்டு ஸ்பாஞ்சுகள் இருந்தால் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் பிழியுங்கள். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கும் கார்ட்ரிட்ஜ் வகை வடிகட்டி உறைகளை, கிழிந்து உதிராதவரை மாற்றாதீர்கள்.

மூன்றாம் படி: காற்று பம்பு

குமிழ்கள் மேலேறும் வழியில் நீரில் கரைக்கும் ஆக்ஸிஜன் சிறிதளவே. அவை மேற்பரப்பை உடைத்துக் கலக்குவதும், அடிநீரை மேலே கொண்டுவருவதும்தான் பெரும்பயன். தொங்கும் வடிகட்டியின் வீழ்நீர் மேற்பரப்பை நன்றாகக் கலக்கினால் தனிப் பம்பு கட்டாயமில்லை. வெப்பம் ஏறும் நாள்களில் நிலைமை மாறும்: 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதே நேரத்தில் வெப்பத்தால் மீனின் தேவை கூடிவிடுகிறது. ஆகவே ஒரு பம்பு கைவசம் இருப்பது நல்லது.

பம்பு தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்டால் குழாயின் நடுவில் ஒருவழி வால்வு பொருத்தியே ஆக வேண்டும். மின்சாரம் நின்றவுடன் நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பையும் தரையையும் நனைக்கும். சில வேளைகளில் தொட்டியே பாதி வடிந்துவிடும். வால்வைப் பொருத்திய பிறகு தொட்டிப் பக்க முனையில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று போகக் கூடாது.

நான்காம் படி: ஹீட்டரும் வெப்பமானியும்

கப்பி, மோலி, டெட்ரா, ஃபைட்டர் போன்ற வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி ஏற்றது. தங்கமீனுக்கு 18 முதல் 22 டிகிரி போதும் என்பதால் அதையும் இவற்றையும் ஒரே தொட்டியில் சேர்ப்பது இரண்டுக்கும் நல்லதல்ல. அறையின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் இந்த வரம்புக்குள் நிற்குமானால் ஹீட்டர் வேண்டாம். ஆனால் இரவும் பகலும் மாறி மாறி நான்கைந்து டிகிரி ஏறி இறங்கும் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் எளிதில் தொற்றும். அங்கே ஹீட்டரின் வேலை சூடாக்குவது மட்டுமன்று, ஏற்ற இறக்கத்தை அடக்குவதும்தான்.

ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்பது நடைமுறைக் கணக்கு. 100 லிட்டருக்கு மேல் போனால் ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதிலாகப் பாதித் திறனுள்ள இரண்டை வைப்பதையே விரும்புகிறேன். தானியங்கித் துண்டிப்பான் பழுதாகி ஹீட்டர் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் பாதித் திறனால் தொட்டியைச் சட்டென்று மீன் தாங்காத வெப்பத்துக்குக் கொண்டுபோக முடியாது. அணைந்தே போனாலும் மற்றது ஓரளவு காக்கும். வடிகட்டியின் நீரோட்டம் படும் இடத்தில் ஹீட்டரைப் பொருத்துங்கள். தனி வெப்பமானியைத் தொட்டியின் எதிர்மூலையில் வையுங்கள். ஹீட்டரின் திருகில் குறித்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நீர் மாற்றத் தொடங்குவதற்கு இருபது நிமிடங்களுக்கு முன்பே ஹீட்டரின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். சூடான கண்ணாடிக் குழல் நீருக்கு வெளியே தலைநீட்டி, பிறகு குளிர்ந்த நீர் பட்டால் வெடித்துவிடும்.

ஐந்தாம் படி: அடித்தளம், விளக்கு, செடி

2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள உருண்ட சரளை, 4 முதல் 5 செ.மீ. உயரத்துக்குப் போதும். கோரிடோராஸ் போல அடியில் துழாவித் தின்னும் மீன்கள் வேண்டுமென்றால் மென்மணல் பரப்புங்கள். கூரான சரளை அவற்றின் மீசைகளைத் தேய்த்துவிடும். வாங்கிய சரளையை வாளியில் போட்டு, ஊற்றும் நீர் தெளிந்து வரும்வரை கையால் கிளறிக் கழுவுங்கள். சோப்பு எந்த நிலையிலும் கூடாது. எங்கிருந்தோ எடுத்துவந்த கல்லின் மேல் வினிகர் சில துளிகள் விட்டுப் பாருங்கள்: நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அது நீரின் கடினத்தன்மையையும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் ஏற்றும்.

விளக்கு பெரும்பாலும் நம் கண்களுக்காகத்தான். செடியில்லாத தொட்டிக்கு எந்தச் சாதாரண எல்.இ.டி. விளக்கும் போதும், செடி வைத்தால் ஒளியின் நிறவெப்பநிலை 6500 கெல்வின் அளவிலுள்ள வெள்ளை ஒளி பொருத்தமானது. தொடக்கத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம், பிறகு எட்டு மணி நேரம் என்று டைமரில் பொருத்திவிடுங்கள். கண்ணாடியில் பச்சைப் பாசி விரைந்து படர்ந்தால் முதலில் குறைக்க வேண்டியது இந்த நேரத்தைத்தான்.

செடியையும் நான் கருவியாகவே எண்ணுகிறேன். லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மின்சாரமோ பம்போ இல்லாமல், தங்கமீன்களை வாலிஸ்நேரியா செடியோடு ஒரே தொட்டியில் வைத்துப் பார்த்து, அழுகும் இலைகளைத் தின்ன நத்தைகளைச் சேர்த்த பிறகு நீர் தெளிந்து நின்றதை 1850இல் வெளியிட்டார். வளரும் செடி அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாக எடுத்துக்கொள்கிறது. ஜாவா பெரணி, அனுபியாஸ் ஆகியவை மங்கிய ஒளியிலும் வாழும்; அவற்றின் வேர்த்தண்டைச் சரளையில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவையுங்கள். கரியமிலவாயு உருளை, புறஊதா விளக்கு போன்றவற்றை முதல் ஆண்டில் நினைக்கவே வேண்டாம்.

ஆறாம் படி: நீர்ச் சீராக்கியும் சோதனைப் பெட்டியும்

குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் மீனின் செவுளையும், வடிகட்டியின் நுண்ணுயிரிகளையும் விட்டுவைப்பதில்லை. திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் குளோரினும் அம்மோனியாவும் இணைந்த குளோரமின் சேர்த்த நீரில் அது நடக்காது. சோடியம் தயோசல்பேட் அடங்கிய சீராக்கி இரண்டையும் முறிக்கும். குளோரமின் முறியும்போது சிறிது அம்மோனியா எஞ்சும் என்பதால், அதையும் கட்டுப்படுத்தும் சீராக்கியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சோதனைப் பெட்டியை வீண் செலவு என்று ஒதுக்குவோர் பலர். தெளிந்து மின்னும் நீரிலும் மீனைக் கொல்லும் அளவுக்கு அம்மோனியா இருக்கலாம். கண்ணுக்கு அது தெரியாது. காகிதப் பட்டையைவிடத் துளி மருந்துப் பெட்டி நம்பகமானது. கண்ணாடிக் குழலில் கோடுவரை நீர் எடுத்து, சொன்ன எண்ணிக்கையில் துளிகளை விட்டு, மூடிக் குலுக்கி, சொன்ன நேரம் காத்திருந்து, வெள்ளைத் தாளின் முன்னே பிடித்து வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே நிற்க வேண்டும், 20க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது.

பி.எச். அளவைத் தனியாகப் படிக்காமல் அம்மோனியாவோடு சேர்த்துப் படியுங்கள். அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அதில் நச்சுத்தன்மை மிகுந்த வடிவத்தின் பங்கு பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறும்போது ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் அது கூடும். இன்னொன்று: நுண்ணுயிரிகள் அம்மோனியாவை மாற்றும்போது பி.எச். அளவைச் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் நீரின் கார்பனேட் கடினத்தன்மை சிறிது சிறிதாகச் செலவாகிறது. பல மாதங்கள் நீர் மாற்றாத பழைய தொட்டியில் அது தீர்ந்து பி.எச். திடீரென்று சரிவது இதனால்தான்.

ஏழாம் படி: மின்பாதுகாப்பு

ஒவ்வொரு மின்கம்பியும் செருகிக்கு வருமுன் செருகியைவிடத் தாழ்வாக ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். கம்பியில் வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நேராக இழுத்துச் செருகினால் அந்த நீர் செருகிக்குள் நுழையும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியோடு தொட்டியின் மின்னிணைப்பைப் பொருத்துங்கள். தொட்டிக்குள் கைவிடும் முன் எல்லாக் கருவிகளையும் செருகியிலிருந்து எடுத்துவிடுங்கள். வேலை முடிந்தபின் வடிகட்டியை மறக்காமல் திரும்ப இயக்குங்கள்.

எட்டாம் படி: மீன் இல்லாமல் ஓடவிடும் வாரங்கள்

பொறுமை வேண்டிய படி இதுதான். பெரும்பாலான முதல் தொட்டிகள் தோற்பதும் இங்கேதான். கருவிகளையும் மீனையும் ஒரே நாளில் வாங்கிவந்தால் வடிகட்டிக்குள் நுண்ணுயிரிகள் இல்லை. மீன் தன் கழிவிலேயே தவிக்கும்.

சீராக்கிய நீரை நிரப்பி, வடிகட்டியையும் ஹீட்டரையும் ஓடவிட்டு, மணமும் சோப்பும் சேராத அம்மோனியாக் கரைசலைச் சோதனையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டும்வரை துளித்துளியாக விடுங்கள். அது கிடைக்காவிட்டால் நாளுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடலாம். சற்று மெதுவாக நடக்கும். முதலில் அம்மோனியா மட்டும் தெரியும். பிறகு அது குறைந்து நைட்ரைட் ஏறும். கடைசியில் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தோன்றும். கரைசல் விடுபவர் அம்மோனியா பூஜ்யமாகும்போதெல்லாம் மீண்டும் விடுங்கள். இரண்டு மில்லிகிராம் அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் நைட்ரைட்டும் மிஞ்சாமல் தீர்ந்தால் வடிகட்டி தயார். இதற்கு வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். நோயில்லாத பழைய தொட்டியொன்றிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கிடைத்தால், ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் வடிகட்டிக்குள் வையுங்கள். காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும்.

இந்த வாரங்களில் எஞ்சிய சிறு கருவிகளைச் சேர்த்துவிடலாம்: சரளையின் அழுக்கை உறிஞ்சும் அகலவாய் சைஃபன் குழாய், மீன்தொட்டிக்கு மட்டுமே பயன்படும் இரண்டு வாளிகள், மென்வலை, பாசி சுரண்டி, துள்ளும் மீனைத் தடுக்கும் மூடி. முடிந்தால் 20 லிட்டர் தனித் தொட்டி ஒன்றையும், அதற்கான சிறு ஸ்பாஞ்ச் வடிகட்டியையும் வாங்கி, அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியிலேயே ஊறவிட்டு வையுங்கள். முதல் மீன்களுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு மீனும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் அங்கே தனித்திருந்து, நோய்க்குறி ஏதும் இல்லையென்று தெரிந்த பிறகே மற்றவற்றோடு சேர வேண்டும்.

வடிகட்டி தயாரானதும் பாதிக்கு மேற்பட்ட நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, சிறிய மீன்கள் நான்கைந்தை மட்டும் விடுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். எண் ஏறினால் அன்றே கால்பங்கு நீரை மாற்றுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். இரண்டும் தொடர்ந்து பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்தபின், வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றும் வழக்கத்துக்கு வந்துவிட்டு அடுத்த நான்கைந்து மீன்களைத் தேடிப் போகலாம்.